மாப்பிள்ளை அளவு

நான் இஞ்சினியர் இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தடவை சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கு வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் செய்வது அளவு பார்க்கிற வேலை. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே செய்து வருகிற இரும்புச் சாமான்களை வெர்னியர் கருவியால் அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் சரியில்லாததை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். (பெட்டியைத் தூக்குவதற்கு வேறு ஆள் இருக்கிறார் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமை.)

எங்கள் வீடு எஹலியகொடப் பக்கத்துத் தோட்டம். கல்யாணப் பேச்சு வந்தபோது என் சித்தி, "புள்ள இஞ்சினியரிங் லைன்ல இருக்காரு" என்று சொல்லி அனுப்பினார். எஹலியகொடவில் ஏறிய அந்தச் செய்தி, பெண் வீடு இருக்கிற அரநாயக்க மலைக்குப் போய்ச் சேர்வதற்குள், "லைன்ல" என்ற சொல் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது. "இங்" என்ற ஒலியும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தது "புள்ள இஞ்சினியர்" மட்டும்தான்.

நான் பொய் சொன்னேனா? இல்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் மனைவி சுமதியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "எனக்கு அது ஒன்னும் இல்லைங்க. ஆனா அம்மா காதுக்கு மட்டும் போயிடக்கூடாது. லயம் முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. நீங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் சும்மா இருந்தீங்கன்னா போதும்" என்றாள். சாப்பிட்டுச் சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு என்பதால் தைரியமாகவே கிளம்பினேன்.

மாமியார் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. அத்தை தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர். லயம் என்கிற அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் தங்களுக்கென்று கொஞ்சம் ரப்பர் மரமும் வைத்திருந்தார்கள். கத்தியும் வாளியும் பிடித்துக் காய்ந்த கை, லயத்தின் அடுத்த கோடிக்குக் கேட்கும் குரல். ஆனால் என் முன்னால் அந்தக் குரல் வெளியே வரவே வராது. அவர்கள் வழக்கப்படி மாமியார், மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. நான் ஒரு எட்டுத் தூரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பேன். அத்தை சுவரைப் பார்த்து, "சுமதி, மாப்பிள்ளைக்கு இன்னொரு ரொட்டி வேணுமான்னு கேளு" என்பார். சுமதி என்னிடம் கேட்பாள். நான் சுமதியிடம் போதும் என்பேன். சுமதி சுவரிடம் சொல்வாள். அதற்குள் ரொட்டி தட்டில் விழுந்திருக்கும். சுமதி இல்லாத நேரத்தில் பூனையிடம் சொல்லுவார். மாப்பிள்ளை சொன்னதை யாரும் மறுத்துப் பேசக்கூடாது என்பதும் அதே வழக்கத்தின் மறுபாதி. நான் மழை பெய்யாது என்று சொன்னால், காயப்போட்ட துணி நனைந்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்த மரியாதை தலைக்கேறியதுதான் வினை. நாங்கள் போய் இறங்கிய வியாழக்கிழமை, எனக்குக் கோழி அடிக்க வேண்டுமே என்று அத்தை அவசர அவசரமாக ஷீட் உருட்டியிருக்கிறார். ரோலரின் பல்சில்லில் இரண்டு பல் உடைந்துபோய்விட்டது.

ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, அசிட் கலந்து வைத்தால் மறுநாள் கெட்டியாக உறைந்திருக்கும். அந்தக் கட்டியை ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு இரும்பு ரோலருக்கு நடுவில் விட்டுக் கைபிடியைச் சுற்றினால் தண்ணீர் போய்த் தட்டையாகி வரும். அதுதான் ஷீட். மேலே இருக்கிற திருகைத் தளர்த்தினால் ரோலர்கள் விலகும், இறுக்கினால் நெருங்கும். ஓரத்தில் ரோலருக்கு ஒன்றாக இரண்டு பல்சில்லு இருக்கும். கீழ் ரோலர் சுற்றினால் மேல் ரோலரும் சுற்றுவது அந்தப் பற்கள் கோத்துக்கொள்வதால்தான். நான்கு வீட்டுக்கு அந்த ஒரு ரோலர்தான். அதுவும் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சாமான்.

மாமா தோட்டத்தில் வாச்சர். அதிகம் பேச மாட்டார். கீழே கிராமத்தில் மெனிக்கே அக்கா என்று ஒருவர் வீட்டில் ரோலர் இருக்கிறது, சில்லு சரியாகும் வரைக்கும் அங்கே கொண்டுபோய் உருட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் கோழிக் காலைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் எதுக்குங்க மாமா, நானே கணக்குப் போட்டு ரெண்டு புதுச் சில்லு செஞ்சுடுறேன்" என்றேன். சுமதி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியிலிருந்து வெர்னியரை எடுத்தேன். (மாமியார் வீட்டு விருந்துக்கு வெர்னியரைக் கொண்டுபோன மாப்பிள்ளை இந்தச் சப்ரகமுவ மாகாணத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். இஞ்சினியர் என்று காட்ட ஏதாவது கையில் வேண்டாமா?) லயத்தில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். ரோலர்கள் ஒட்டியிருக்கும்போது நடுவுக்கு நடு அளந்தேன், தொண்ணூற்றாறு மில்லிமீட்டர். சில்லுக்குப் பல் பன்னிரண்டு. தொண்ணூற்றாறைப் பன்னிரண்டால் வகுத்தால் எட்டு. பல் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்கிற அந்த எண்ணுக்கு மொடியூல் என்று பெயர். அது வந்துவிட்டால் மிச்சமெல்லாம் வாய்ப்பாடுதான். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி மொடியூலால் பெருக்கினால் சில்லின் வெளி விட்டம் வரும். பதினாலு எட்டு, நூற்றுப் பன்னிரண்டு. மீதி வராமல், புள்ளி போடாமல், அவ்வளவு சுத்தமாக வந்த கணக்கைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

பிறகு உடையாத சில்லின் வெளி விட்டத்தை அளந்து பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. இன்னொரு தடவை அளந்தேன். மறுபடியும் நூற்றுப் பதினெட்டு. நான் படித்த புத்தகம் சொல்வதைவிட ஆறு மில்லிமீட்டர் கூட. தொழிற்சாலையில் ஒரு மயிரிழை கூடினாலே தூக்கிக் கழிவுப் பெட்டியில் போடுகிறவன் நான். ஆறு மில்லிமீட்டருக்கு என்ன செய்தேன் தெரியுமா? "பழைய காலத்து வார்ப்பு, கூடக் குறைய இருக்கத்தான் செய்யும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, தாளில் நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினேன். இத்தனை காலம் தேய்ந்த சாமான் எப்படி ஐயா பெருக்கும்? ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூட அது தோன்றியிருக்கும்.

அதோடு விட்டேனா? கூட்டம் இருக்கிறதே என்று வகுப்பும் எடுத்தேன். ஒரு டின்பால் டின்னில் தையல் நூலைச் சுற்றி, நுனியில் பென்சிலைக் கட்டி, நூலை இழுத்துப் பிடித்தபடியே பிரித்துக் காட்டினேன். பென்சில் கீறுகிற அந்த வளைவுதான் பல்லின் பக்கவாட்டு, அதற்கு இன்வொல்யூட் என்று பெயர், உலகத்தில் பாதி மெஷின் இந்த வளைவில்தான் ஓடுகிறது என்றேன். எல்லாரும் பென்சிலைப் பார்த்தார்கள். அத்தை டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "சுமதி, திருகை விட்டு ரோலரை விரிச்சா அந்தப் பல்லு எட்டுமான்னு கேளு" என்றார்.

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே இஞ்சினியர் கேள்வி அதுதான். நான் சிரித்துக்கொண்டே, "அதுதான் இன்வொல்யூட்டோட சிறப்புன்னு சொல்லு சுமதி. தூரம் கொஞ்சம் கூடினாலும் ஒரே சீராச் சுத்தும்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு கொஞ்சம் என்று நான் புத்தகத்தைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை சொன்ன பிறகு அத்தை என்ன சொல்வது? ஆனால் பூனையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

மறுநாள் தாளில் கீறிய படத்தையும் பழைய சில்லு இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவனல்லைக்குப் போனேன். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் பெரியவரை மாமாவுக்குப் பழக்கம், நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நானா என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய சில்லைக் கையில் எடுத்துப் பல்லை விரலால் தடவினார். "தம்பி, பழசு நீட்டமா ஈக்கி, நீங்க கீறினது கட்டையா ஈக்கி. எது மாதிரி வெட்டுறது செல்லுங்க" என்றார். (அவர் பேச்சில் ஈக்கி என்றால் இருக்கிறது, செல்லுங்க என்றால் சொல்லுங்க.) நான் மாமாவின் பெயரைச் சொல்லி, நான் அவருடைய மருமகன், இஞ்சினியர் என்றேன். முதல் தடவையாக அந்தச் சொல்லை என் வாயாலேயே சொன்னது அங்கேதான். நானா படத்தைச் சுவரில் குத்திவிட்டு மெஷினைப் போட்டார். பழைய சில்லுகளை மட்டும் எறியாமல் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் புதுச் சில்லுகளோடு வந்து இறங்கினேன். பளபளவென்று இருந்தன. மாட்டி, புத்தகத்தில் உள்ளபடி ரோலர்களை நன்றாக ஒட்ட வைத்துக் கைபிடியைச் சுற்றிக் காட்டினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. சத்தமே இல்லை. நான்கு வீட்டுக்காரர்களும் மாறி மாறிச் சுற்றிப் பார்த்தார்கள். அத்தை முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிந்தது, அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. என்னை நம்பி, அன்றைக்கு எடுத்த பால் முழுவதையும் நான்கு வீட்டிலும் ஊற்றி வைத்தார்கள். மொத்தம் பதினொரு தட்டு. மெனிக்கே அக்காவுக்கு வரவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஷீட்டை மாப்பிள்ளைதான் உருட்ட வேண்டும் என்றார்கள். தலைத் தீபாவளிக்குப் போல வெள்ளைச் சட்டை, புதுச் சாரம். ரோலருக்கு ஒரு பொட்டும் வைத்திருந்தார்கள். மாமா தட்டிலிருந்து கட்டியை எடுத்து நீட்டினார். இரண்டு விரல் தடிப்பு, கொழுக்கட்டை மாவு போல் கொழகொழவென்று இருந்தது. அதை அப்படியே ஒட்டின ரோலருக்குள் விட முடியாது, முதல் தடவை நன்றாக விரித்து விட்டு, பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இது அங்கே நின்ற பூனைக்குக்கூடத் தெரியும். மாமா வழக்கம்போல் திருகைத் தளர்த்தினார். மேல் ரோலர் எழும்பியது. அதோடு மேல் சில்லும் எழும்பியது. என் அழகான, கட்டையான பற்கள் ஒன்றின் நுனியை இன்னொன்று தொட்டும் தொடாமலும் நின்றன.

நான் அதைப் பார்த்தேன். ஆனால் நாற்பது கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது "ஒரு நிமிசம்" என்று சொல்ல இஞ்சினியருக்கு வாய் வருமா? கைபிடியைச் சுற்றினேன். கடகடகடவென்று சத்தம். பல் பல்லைத் தாண்டிக் குதித்தது. கீழ் ரோலர் சுற்றியது, மேல் ரோலர் சும்மா நின்றது. கட்டி ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுக் குறுக்காகக் கிழிந்து, பாதி உள்ளேயும் பாதி என் சாரத்திலுமாக வழிந்தது. லயத்து நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கின. நான் ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறு கையால் கட்டியை உள்ளே தள்ளினேன். அந்த நேரம் பார்த்துப் பற்கள் எங்கேயோ ஒரு இடத்தில் வெடுக்கென்று கோத்துக்கொண்டன. மேல் ரோலர் சுற்றியது. என் விரல் நுனி கட்டியோடு சேர்ந்து உள்ளே போனது.

"கைய எட்றா மடையா!"

லயத்தின் அடுத்த கோடிக்குக் கேட்கும் குரல். என் தோளைப் பிடித்து ஒரு இழுப்பு. நான் பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன்.

நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன. அத்தை என்னைப் பார்த்து, நேருக்கு நேர், சுவர் இல்லாமல், பூனை இல்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான். டா போட்டு, மடையா என்று. அவருக்கே அது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சுமதியின் முகத்தில் ஈயாடவில்லை. மாமா வானத்தைப் பார்த்தார்.

பிறகு அத்தை வாயிலிருந்து தலைப்பை எடுத்தார். சொன்னது சொன்னதுதான் என்று முடிவு பண்ணியிருக்க வேண்டும். கீழே குனிந்து என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகம் கறுத்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை.

"அந்தப் பல்லு நீளமா இருக்கிறதே ரோலரை விரிக்கிறதுக்குத்தானேடா. அன்னைக்கே கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க அத்தை."

"என்னாதான் படிச்ச நீ?"

சுமதி என்னைப் பார்த்தாள். சேற்றில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு விழ இதற்குமேல் இடமில்லை. சொல்லிவிட்டேன். இஞ்சினியர் இல்லை அத்தை, அளவு பார்க்கிற வேலைதான், பெட்டியில் போடுகிற வேலை என்று நான்கு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கல்யாணத்தையே திருப்பிக் கேட்பார்களோ என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது.

அத்தை யோசித்தார். "அளவு பாக்கிறவனா? அப்ப அதையாச்சும் ஒழுங்கா அளந்திருக்கலாமே."

"அளந்தது சரிதான் அத்தை. நூத்துப் பதினெட்டு. நான்தான் நம்பல" என்றேன். வெட்கம் ஒரு பக்கம், இத்தனை பேர் பாலையும் கெடுத்துவிட்டேனே என்கிற வேதனை ஒரு பக்கம்.

"எழும்பு. சாரத்தை மடிச்சுக் கட்டு. கட்டி இறுகுறதுக்குள்ள கீழ போகணும்" என்றார் அத்தை. மிச்சம் பத்துத் தட்டு. மெனிக்கே அக்கா வீடு மலைக்குக் கீழே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் வழுக்குகிற பாதை, அட்டை வேறு. நான் தலையில் தட்டை வைத்துக்கொண்டு நான்கு தடவை இறங்கி ஏறினேன். வழி முழுக்க அத்தை பின்னால் வந்தார். பார்த்து வை, அந்தக் கல்லில் மிதிக்காதே, நேராப் பிடி, கழுத்தை ஆட்டாதே. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அன்றைக்கே பேசி முடித்தார்.

மெனிக்கே அக்கா வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டையில் சேறும் சாரத்தில் ரப்பரும் தலையில் தட்டுமாக வந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெயாத இஞ்சினேரு மஹத்தயா?" என்று அத்தையிடம் கேட்டார். (இவருதான் அந்த இஞ்சினியர் ஐயாவா?) எனக்குக் காது சுட்டது. தலையில் தட்டு இருந்ததால் குனியவும் முடியவில்லை.

அத்தை என் தலையிலிருந்து தட்டை இறக்கியபடி, "நே நே. மே அபே கொல்லா" என்றார்.

இல்லை இல்லை, இது எங்க பையன். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டாரா, தெரிந்துதான் சொன்னாரா, நான் கேட்டதில்லை.

பதினொன்றில் ஒன்று போக மீதிப் பத்தும் பிழைத்தன. செவ்வாய்க்கிழமை நானா பழைய சில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே நீளத்துக்கு இரண்டு புதுச் சில்லு வெட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை படம் எதுவும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் ஓடுகிறது. என் சில்லு இரண்டையும் அத்தை வீணாக்கவில்லை. ஒன்று அடுப்பு எரியும் குசினியின் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிற்கிறது. இன்னொன்று தேசிக்காய் ஊறுகாய்ச் சாடியின் மூடிக்குமேல் பாரமாக இருக்கிறது. அந்த வேலைக்கு நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மிகச் சரியான அளவு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது எட்டாமல் போனாலும் அதற்கு மாப்பிள்ளை அளவு என்று பெயர். கோப்பையில் பிளேன்டி அரைவாசி இருந்தால் மாப்பிள்ளை அளவு. ஜன்னல் திரை பாதியில் நின்றால் மாப்பிள்ளை அளவு. தையல்காரர் சட்டைக் கையைக் கட்டையாக வைத்துவிட்டார் என்று என் மகள் அழுதபோது, "அப்பா அளவு" என்று சொல்லித்தான் அழுதாள்.

போன வருடம் என் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நடந்தது. என் சகலன் நல்ல மாதிரியான பையன், நிஜமாகவே இஞ்சினியர், கையில் அதற்கான தாளும் இருக்கிறது. முதல் விருந்துக்கு வந்து, சாப்பிட உட்காரும்போது ஊறுகாய்ச் சாடிமேல் இருந்த சில்லைப் பார்த்துவிட்டு, "இது என்னாங்க?" என்று கேட்டார்.

அத்தை சட்டென்று தலைப்பைச் சரிசெய்து சுவர்ப் பக்கம் திரும்பினார். குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. "அது மூத்தவரு கணக்குப் போட்டுச் செஞ்சதுன்னு சொல்லும்மா. மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமான்னும் கேளு" என்றார்.

பிறகு சுவரிலிருந்து நேராக என் பக்கம் திரும்பினார். "நீ என்னாடா பாத்துக்கிட்டு இருக்க? எழும்பிப் போய் ஒரு வாளி தண்ணி எடுத்துட்டு வா."

நான் எழுந்து வாளியை எடுத்தேன். சகலன் என்னைப் பாவமாகப் பார்த்தார். பாவம், அவருக்கு அந்த வீட்டில் இன்னும் சுவரோடுதான் பேச்சு.